வாங்கத் தெரிந்த மகராசர்கள்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இ.ஏ.) கம்பெனிக்கு இதுவரை யாரும் முறையாக ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. வீடியோ கேம் உலகத்துக்கே இது மானக்கேடு. கலிபோர்னியாவில் உட்கார்ந்தபடியே, எந்த மூலையில் நல்ல கேம் ஸ்டூடியோ இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பார்கள். நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் பெயர்ப்பலகை மட்டும் தொங்கும். சில சமயம் அதையும் கழற்றியிருப்பார்கள். இந்த வித்தையை இவ்வளவு காலம், இவ்வளவு ஒழுங்காகச் செய்துவரும் இன்னொரு கம்பெனியைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

'அல்டிமா' வரிசையைத் தந்த ஆரிஜின் சிஸ்டம்ஸை 1992இல் வாங்கினார்கள், 2004இல் மூடினார்கள். 'தீம் பார்க்', 'டஞ்சன் கீப்பர்' செய்த பிரிட்டனின் புல்ஃப்ராக்கை வாங்கியது 1995இல். 2001இல் அது இல்லை. 'கமாண்ட் அண்ட் கான்கர்' செய்த லாஸ் வேகாஸ் வெஸ்ட்வுட்டை 1998இல் வாங்கினார்கள். 2003இல் பூட்டுப் போட்டார்கள். 'சிம்சிட்டி' தந்த மாக்ஸிஸை 1997இல் வாங்கினார்கள். தனியாக உட்கார்ந்து ஊர் கட்டும் அந்த ஆட்டத்தை, 2013இல், இன்டர்நெட் இல்லாமல் ஓடாது என்று ஆக்கினார்கள். வெளியான அன்றே சர்வர் படுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் ஊருக்குள் நுழைய வரிசையில் நின்றார்கள். 2015இல் மாக்ஸிஸின் எமரிவில் அலுவலகமும் போயிற்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் விதி என்று சொல்லலாம். தெருவில் வைத்தியர் போய்வந்த வீட்டிலெல்லாம் விழுந்தால், அவர் பையைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆரிஜின்காரர்களுக்கு முன்கூட்டியே ஏதோ பொறி தட்டியிருக்கிறது. 1992 ஏப்ரலில் வந்த 'அல்டிமா 7' ஆட்டத்தில் நல்லவர்கள் போல ஊர் ஊராகச் செல்லும் இருவர் வருவார்கள். கடைசியில்தான் கொலைகாரர்கள் என்று தெரியும். ஒருத்தி எலிசபெத், ஒருவன் ஆபிரகாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். அதே ஆட்டத்தில் தீய சக்தியின் கருவிகள் மூன்று. ஒன்று கனசதுரம், ஒன்று கோளம், ஒன்று நான்முகி. அன்றைய இ.ஏ. சின்னத்தில் இருந்தவை சதுரம், வட்டம், முக்கோணம். கிண்டல் சந்தைக்கு வந்த அதே ஆண்டில் இ.ஏ. அந்த ஸ்டூடியோவையே வாங்கிவிட்டது. நையாண்டி செய்தவனுக்குப் பதில் சொல்ல இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

ஆனால் இவையெல்லாம் கை பழகுவதற்கு வெட்டிய கிளைகள். மகராசர்களின் முழுத் திறமையும் தெரிவது பயோவேரில்தான்.

கனடாவின் எட்மண்டன் நகரில் 1995இல் மூன்று டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்டூடியோ அது. ரே முசிகா, கிரெக் செஷுக், அகஸ்டின் யிப். மூவரும் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர்கள். கேம் கம்பெனி தொடங்கும் முன் மருத்துவ மாணவர்களுக்காக வயிற்று நோயாளியைக் கம்ப்யூட்டரில் பரிசோதிக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யிப் சீக்கிரமே மருத்துவத்துக்குத் திரும்பிவிட்டார். மூவரில் விவேகி அவர்தானோ என்று பின்னால் பலருக்குத் தோன்றியிருக்கும்.

1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' அவர்களை உலகத்துக்குக் காட்டியது. வாள், மந்திரம், டிராகன் எல்லாம் அதற்கு முன்பே கடைகளில் மலிந்து கிடந்தவைதான். பயோவேர் செய்தது வேறு வேலை. கூட வருகிறவர்களுக்கு வாய் கொடுத்தது. அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், நம் முடிவு பிடிக்காவிட்டால் குழுவை விட்டுப் போனார்கள். மின்ஸ்க் என்ற முரட்டு வீரன் ஒரு வெள்ளெலியைத் தூக்கிக்கொண்டு அலைவான். அது விண்வெளியிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்வான். அந்தக் கிறுக்கனை ஜனங்கள் இன்றும் மறக்கவில்லை. 2003இல் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'. 2007 நவம்பரில் 'மாஸ் எஃபெக்ட்'.

'மாஸ் எஃபெக்ட்' ஆட்டத்தில் விர்மைர் என்றொரு கிரகம் வரும். அணுகுண்டு வைத்தாயிற்று, வெடிக்கப் போகிறது. நம் கப்பலைச் சேர்ந்த ஆஷ்லி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், கெய்டன் இன்னோரிடத்தில். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். திரையில் இரண்டு பெயர்கள். மூன்றாவது வழி கிடையாது. எவ்வளவு சாமர்த்தியமாக ஆடியிருந்தாலும் கிடையாது. இத்தனை நேரமும் அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் குடும்பக் கதையெல்லாம் கேட்டாயிற்று. இப்போது பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் செத்தவர் செத்தவர்தான். ஆட்டத்தின் சேவ் கோப்பு இரண்டாம் பாகத்துக்குப் போகும், மூன்றாம் பாகத்துக்கும் போகும். ஐந்து வருடம் கழித்து வரும் ஆட்டத்திலும் அந்த ஆள் இருக்க மாட்டார். முடிவு எடுத்தவன் விளைவைச் சுமக்க வேண்டும் என்பதே பயோவேர் விற்ற சரக்கு. இதை மறக்காமல் மேலே படியுங்கள். ஏனென்றால் அந்த ஸ்டூடியோவை வாங்கிய கதையில் முடிவு எடுத்தவன் எவனும் எதையும் சுமக்கவில்லை.

விற்பனையே ஒரு வேடிக்கை. ஜான் ரிக்கிடெல்லோ என்பவர் இ.ஏ.யில் பெரிய பதவியில் இருந்தார். 2004இல் வெளியே வந்து எலிவேஷன் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். யு2 குழுவின் பாடகர் போனோவும் அதில் பங்காளி. 2005இல் அந்த நிறுவனம் பயோவேரையும் லாஸ் ஏஞ்சலஸின் பாண்டமிக் ஸ்டூடியோவையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. 2007இன் தொடக்கத்தில் ரிக்கிடெல்லோ மறுபடியும் இ.ஏ.வுக்கே தலைமை அதிகாரியாகப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் இ.ஏ. அந்த இரண்டு ஸ்டூடியோக்களையும் சேர்த்து சுமார் 86 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. முன்பு விற்கும் பக்கம் இருந்தவர் இப்போது வாங்கும் பக்கத்தில். சட்டப்படி எல்லாம் சுத்தம். குறை சொன்னால் பொறாமை என்பார்கள்.

அந்தப் பொட்டலத்தில் வந்த பாண்டமிக்கின் கதி என்ன? விற்பனை 2008 ஜனவரியில் முடிந்தது. 2009 நவம்பரில் ஸ்டூடியோவை மூடினார்கள். சுமார் 200 பேர் வெளியே போனார்கள். அவர்கள் செய்த 'தி சபோட்டர்' அடுத்த மாதம் கடைக்கு வந்தது. ஆட்டம் அலமாரியில், செய்தவர்கள் தெருவில். கருமாதிச் செலவை இறந்தவரின் சம்பாத்தியத்திலேயே முடித்துக்கொள்ளும் சிக்கனம்!

பயோவேரை மட்டும் அப்படிச் சட்டென்று முடிக்கவில்லை. அதற்கு மரியாதை உண்டு. மெதுவாகத்தான்.

முதல் அடி காலத்தின் மீது விழுந்தது. 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' பல ஆண்டுகள் ஊறி 2009இல் வந்தது. பெரும் வெற்றி. வெற்றிக்கு என்ன பரிசு? இரண்டாம் பாகத்தை 2011 மார்ச்சில் கொடு என்றார்கள். பதினாறே மாதம். ஆடியவர்களுக்கு அந்தக் குகை நினைவிருக்கும். ஒரே குகை, கடத்தல்காரன் ஒளியும் இடமும் அதுதான், பூதம் இருக்கும் இடமும் அதுதான். அடுத்த பணியில் அதே குகைக்கு வேறு வாசல். சில பாதைகளைக் கல் கதவால் அடைத்திருப்பார்கள், ஆனால் மூலையில் இருக்கும் வரைபடம் கதவுக்கு அப்பாலுள்ள பாதையையும் காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்கக்கூட நேரமில்லை. வேலை செய்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். கூனிக் குறுகியிருப்பார்கள். நிதியாண்டுக்குத்தான் கூச்சம் கிடையாது. மார்ச் 31 வந்தால் அது முடிந்துவிடும்.

அடுத்த அடி 2012 மார்ச்சில், 'மாஸ் எஃபெக்ட் 3' ஆட்டத்தில். மூன்று பாகமும் சுற்றிவருவது புரோத்தியன் என்ற அழிந்துபோன இனத்தின் மர்மத்தை. அந்த இனத்தில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஒருவன் மூன்றாம் பாகத்தில் வருகிறான். கதையின் திறவுகோலே அவன்தான். அவனைத் தனியாக எடுத்து, வெளியீட்டு நாளன்றே, பத்து டாலர் டிஎல்சியாக, அதாவது தனியே பதிவிறக்கும் கூடுதல் பகுதியாக, விற்றார்கள். முழு விலை கொடுத்தவனிடம் 'கதையின் முக்கியமான ஆள் வேண்டுமா? கூடுதல் கட்டணம்' என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குப் போனஸ் உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த ஆட்டத்தின் முடிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பாகம், ஐந்து ஆண்டு, நூற்றுக்கணக்கான முடிவுகள். கடைசியில் மூன்று வழி. ஒன்றில் சிவப்பு ஒளி, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. மற்றபடி காட்சிகள் ஏறக்குறைய ஒன்றுதான். ரசிகர்கள் பணம் திரட்டி எட்மண்டன் அலுவலகத்துக்கு நானூறு கப்கேக் அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறக் கிரீம். கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெனிலா. இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஸ்டூடியோ அந்தக் கப்கேக்குகளை ஆதரவற்ற இளைஞர்களின் இல்லத்துக்கு அனுப்பிவைத்தது. பிறகு இலவசமாக ஒரு நீட்டித்த முடிவைக் கொடுத்து ரசிகர்களின் வாயை அடைத்தார்கள்.

2012 ஏப்ரலில் கன்ஸ்யூமரிஸ்ட் என்ற அமெரிக்க நுகர்வோர் இணையதளம் நடத்திய வாக்கெடுப்பில், நாட்டின் மோசமான கம்பெனி என்ற பட்டத்தை இ.ஏ. வென்றது. இறுதிச் சுற்றில் தோற்றது பாங்க் ஆஃப் அமெரிக்கா. வீடுகளை ஜப்தி செய்த வங்கியைவிட, விளையாட்டைக் கெடுத்த கம்பெனி மீது அதிகக் கோபம்! பரிசுக் கோப்பையின் வடிவத்தைச் சபையில் சொல்ல முடியாது. தங்க நிற மலம் என்று ஜாடையாகச் சொல்லி வைக்கிறேன். 2013இலும் பட்டத்தைத் தக்கவைத்தார்கள். இரண்டாம் முறையும் வாங்குவதற்கு உழைப்பு வேண்டும்.

2012 செப்டம்பரில் டாக்டர்கள் முசிகாவும் செஷுக்கும் ஒரே நாளில் ஓய்வை அறிவித்தார்கள். செஷுக் பீர் பக்கம் போனார். பிறகு எட்மண்டனில் சொந்தமாக மதுவடிப்பாலையும் தொடங்கினார். டாக்டர் நோயாளியை விட்டுவிட்டு பீர் காய்ச்சப் போனால் நோயாளியின் நிலைமை நமக்குப் புரிய வேண்டும். ஆனால் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்டூடியோவை விற்க ஒப்புக்கொண்டவர்களும் இவர்கள்தான். யாரும் துப்பாக்கி காட்டவில்லை. பணம் வந்தது, ஆட்கள் பெருகினார்கள், பெரிய ஆட்டங்கள் செய்ய முடிந்தது. 2010இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2' அந்தப் பணத்தின் நிழலில் பிறந்த அற்புதம்தான். தூண்டில் என்றால் புழு இருக்கத்தானே செய்யும்?

பிறகு வந்தது ஃப்ராஸ்ட்பைட். ஸ்வீடனின் டைஸ் ஸ்டூடியோ 'பேட்டில்ஃபீல்ட்' என்ற துப்பாக்கி ஆட்டத்துக்காகச் செய்த எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. சுவர் இடிந்து விழுவதை அழகாகக் காட்டும். வெளியே இன்னொரு கம்பெனிக்கு உரிமத்தொகை கொடுக்காமல் வீட்டுக்குள் எல்லோரும் ஒரே எஞ்சினில் சமைத்தால் மிச்சம் என்று மேலிடம் கணக்குப் போட்டது. பயோவேர் தலைமையும் தலையாட்டியது. கதை சொல்லும் ஆட்டத்துக்கு வேண்டியது என்ன? பையில் பொருள் வைக்க வேண்டும், ஆட்டத்தை சேவ் செய்ய வேண்டும், கூட நாலு பேர் வர வேண்டும். துப்பாக்கி எஞ்சினுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். அதையும் ஒழுங்காகக் கட்ட விட்டார்களா? ஃபிஃபா கால்பந்தாட்டமும் அதே எஞ்சினுக்கு மாறியபோது, எஞ்சின் நுணுக்கம் தெரிந்த ஆட்கள் அங்கே திருப்பிவிடப்பட்டார்கள். ஃபிஃபாவில் வீரர் சீட்டுக் கட்டு விற்று வருகிற பணம் ஆறாக ஓடியது. டிராகன் வளர்த்து என்ன வரும்? பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதைக் கல்லாப்பெட்டி முடிவு செய்தது.

அப்படியும் 2014இல் 'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. அதுதான் வினையாயிற்று. கடைசி மாதங்களில் ராத்திரி பகலாக உழைத்தால் எப்படியோ கூடிவரும் என்ற நம்பிக்கைக்கு உள்ளேயே ஒரு பெயர் உண்டு: பயோவேர் மேஜிக். மனிதர்களின் தூக்கத்தையும் குடும்பத்தையும் தின்று வரும் பலனுக்கு மாயம் என்று பெயர் வைத்தால், யாருக்கும் கூலி கொடுக்க வேண்டாம் பாருங்கள். 2017 மார்ச்சில் மேஜிக் வேலை செய்யவில்லை. ஐந்து வருடத் திட்டத்தின் பெரும்பகுதியைக் கடைசி ஒன்றரை வருடத்தில் அவசரமாகக் கட்டி வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரமீடா' ஆட்டத்தில், ஒரு பெண் அதிகாரி மரப்பாச்சி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தன் முகம் களைத்திருக்கிறது என்று சொல்லுவாள். உலகமே சிரித்தது. அதைச் செய்த மான்ட்ரியால் கிளையை அதே ஆண்டில் வேறொரு ஸ்டூடியோவோடு கரைத்தார்கள். அட்டவணை போட்டவர்களின் முகம் களைத்ததாகத் தகவல் இல்லை.

'ஆந்தம்' கதை இதையெல்லாம் மிஞ்சியது. பறக்கும் கவசம் அணிந்து நாலு பேர் சேர்ந்து சுடும் ஆன்லைன் ஆட்டம். ஒருமுறை விற்று முடிப்பதில் என்ன லாபம், வருடக்கணக்கில் கறக்க வேண்டும் என்ற லைவ் சர்வீஸ் ஞானத்தில் பிறந்தது. கதை சொல்லிப் பழகியவர்களை அழைத்துக் கறவைமாடு வளர்க்கச் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் உள்ளே வேலை செய்தவர்கள் பலரிடம் பேசி எழுதிய நீண்ட கட்டுரை, நடந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டியது. பல வருடம் கழிந்தும் என்ன ஆட்டம் செய்கிறோம் என்று உள்ளே தெளிவில்லை. கவசத்தில் பறப்பதைச் சேர்த்தார்கள், எடுத்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். மேலிடத்து அதிகாரி பார்க்க வருகிறார் என்று பறப்பதைத் திரும்ப வைத்தார்கள்; அவர் சொக்கிப் போனார்; அன்றிலிருந்து பறப்பது நிரந்தரம். ஆட்டத்துக்கு 'பியாண்ட்' என்று பெயர் வைத்து டிஷர்ட்கூட அச்சடித்துவிட்டார்கள். 2017 ஜூன் மாதக் கேம் பொருட்காட்சிக்குச் சில நாள் முன்பு பெயர் உரிமைச் சிக்கலால் 'ஆந்தம்' என்று மாற்றினார்கள். ஆட்டத்துக்கும் அந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று செய்தவர்களுக்கே தெரியாது.

அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவர், அலுவலகத்தில் ஆளில்லாத அறையாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுவது வழக்கமாகியிருந்தது. மன அழுத்தம் தாங்காமல் டாக்டர் சொல்லி விடுப்பில் போனவர்கள் பலர்; சிலர் திரும்பி வரவேயில்லை.

1983இல் இந்தக் கம்பெனி ஒரு விளம்பரம் வெளியிட்டது. கேம் செய்யும் இளைஞர்களை ராக் பாடகர்கள் போல நிற்கவைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, கம்ப்யூட்டரால் ஒருவரை அழவைக்க முடியுமா என்று தலைப்பில் கேட்டிருந்தார்கள். மென்பொருள் எழுதுகிறவனும் கலைஞனே என்று அன்று சொன்னவர்கள் அவர்கள்தான். ஆட்டத்தின் அட்டையில் அவன் பெயரைப் பெரிதாகப் போட்டவர்களும் அவர்கள்தான். முப்பத்தைந்து வருடம் கழித்து பயோவேரில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். முடியும், மகராசர்களே. கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. அட்டவணை போதும்.

கட்டுரை வெளியான சில நிமிடங்களிலேயே பயோவேர் பெயரில் ஒரு மறுப்பு வந்தது. ஒருவரை ஒருவர், ஒருவர் உழைப்பை மற்றவர், கிழித்துப் போடுவதில் பயனில்லை என்று அதில் அறம் பேசியிருந்தார்கள். அவ்வளவு நீளக் கட்டுரையை அதற்குள் படித்திருக்கவே முடியாது. அழுதவரைப் பற்றிய செய்தியைப் படிக்காமலேயே மறுக்கும் வேகம், ஆட்டம் செய்வதில் இருந்திருந்தால் 'ஆந்தம்' இரண்டு வருடம் முன்பே வந்திருக்கும். 2021 பிப்ரவரியில் அதைச் சரிசெய்யும் வேலையைக் கைவிட்டார்கள். 2026 ஜனவரி 12 அன்று சர்வரை அணைப்பதாக அறிவித்தார்கள். சர்வர் அணைந்த பிறகு, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் டம்ளர் வைக்க உதவும்.

இனி 'டிராகன் ஏஜ்' நாலாம் பாகம். இதை மெதுவாகப் படியுங்கள், தலை சுற்றும். முதலில் தனியாள் ஆடும் கதையாகத் தொடங்கினார்கள். 'ஆந்தம்' ஆட்களை விழுங்கியதால் 2017இல் அதை நிறுத்தினார்கள். பிறகு பலர் சேர்ந்து ஆடும் லைவ் சர்வீஸாக மறுபடி தொடங்கச் சொன்னார்கள். 'ஆந்தம்' மூழ்கிய பிறகு பயந்துபோய், இல்லை இல்லை, தனியாள் கதைதான் என்று திரும்பத் திருப்பினார்கள். மூன்று முறை அடித்தளம் போட்ட வீடு 'தி வெய்ல்கார்ட்' என்ற பெயரில் 2024 அக்டோபர் 31 அன்று கிரகப்பிரவேசம் கண்டது. முதல் காலாண்டில் 15 லட்சம் பேர் ஆடினார்கள். எதிர்பார்த்ததில் பாதிதான் என்றது கம்பெனி. காரணத்தைத் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ வில்சன் 2025 பிப்ரவரியில் முதலீட்டாளர்களிடம் விளக்கினார்: ஜனங்கள் பலரோடு சேர்ந்து ஆடும் அம்சங்களைத் தேடுகிறார்களாம். அதாவது சேர்க்கச் சொன்னது, பிறகு எடுக்க அனுமதித்தது, விற்காதபோது எடுத்ததுதான் தப்பு என்று கண்டுபிடித்தது, எல்லாம் ஒரே நாற்காலி.

அந்தப் பேச்சுக்குச் சில நாள் முன்பே வெட்டரிவாள் இறங்கிவிட்டது. பயோவேரில் நூறு பேர்கூட மிச்சமில்லை. 2023 ஆகஸ்டில் ஏற்கெனவே 50 பேரை அனுப்பியிருந்தார்கள். இருபது வருடம் அங்கேயே இருந்தவர்களும் அதில் உண்டு. வாரிக் என்ற குள்ளன் பாத்திரத்தை எழுதி வளர்த்தவரும் அதில் ஒருவர். 'வெய்ல்கார்ட்' ஆட்டத்தில் வாரிக் வருகிறான், பேசுகிறான். அவனைப் பேசவைத்தவர் ஆட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே வெளியே. பணிநீக்க இழப்பீட்டைக் குறைத்துக் கொடுப்பதாக ஏழு பேர் வழக்குப் போட வேண்டி வந்தது. 86 கோடி டாலருக்குப் பேரம் பேசத் தெரிந்த வம்சம், இருபது வருட உழைப்புக்குச் சில மாதச் சம்பளம் கூட்டிக் கொடுப்பதில் கறார்.

2024 பிப்ரவரியில் இ.ஏ. மொத்த ஆட்களில் 5 சதவீதத்தைக் குறைத்தது. மே மாதத்தில் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க 500 கோடி டாலர் ஒதுக்கியது. தலைமை அதிகாரியின் ஆண்டு வருமானம் 2 கோடி டாலருக்கும் மேல். பணமில்லாமல் யாரையும் அனுப்பவில்லை. பணம் வேறு இடத்துக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கனவான் எழுந்து, சந்தை மாறிவிட்டது, கதை ஆட்டத்துக்குக் காலம் போய்விட்டது என்பார். உட்காருங்கள் ஐயா. 2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' வந்தது. பயோவேர் தன் முதல் புகழைச் சம்பாதித்த அதே தொடர். செய்தது பெல்ஜியத்தின் லேரியன். கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதியைத் தன் கையிலேயே வைத்திருக்கும் ஸ்வென் வின்கேயின் ஸ்டூடியோ. மணிக்கணக்கில் வசனம், கூட வருகிறவர்களின் கோபதாபம், எடுத்த முடிவின் விளைவு. ஆட்டத்துக்குள்ளே விற்கும் சில்லறைச் சரக்கு எதுவும் கிடையாது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதுகளை அள்ளியது. அந்த வெள்ளெலிக்கார மின்ஸ்க்கும் அதில் வருகிறான். தாய்வீடு இடிந்ததும் வேறு ஊரில் போய்ப் பிழைத்துக்கொண்டான். சமையல் குறிப்பு பயோவேருடையதுதான். அதை வைத்துச் சமைக்கப் பயோவேருக்கு மட்டும் அனுமதி இல்லை.

இன்னொருவர் நியாயமாகவே கேட்கலாம்: 'ஆந்தம்' ஆட்டத்தில் பல வருடம் தடுமாறியது பயோவேர் நிர்வாகிகள்தானே? ஆமாம். இ.ஏ. அவகாசம் கொடுத்தது, பணமும் கொடுத்தது. உள்ளே இருந்தவர்கள் முடிவெடுக்கப் பயந்து நாள் கடத்தினார்கள். ஆனால் ஏன் பயந்தார்கள்? முன்பு அவர்கள் திருப்திப்படுத்த வேண்டியவன், ராத்திரி இரண்டு மணிக்கு விர்மைரில் பொத்தானை அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்த ஒருவன். வாங்கிய பிறகு, ஃபிஃபா சீட்டுக் கட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மேஜை. முன்னவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னதற்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. அங்கே போய்த் தடுமாறாத கலைஞன் இருந்தால், அவன் ஏற்கெனவே கணக்கனாகிவிட்டான் என்று பொருள்.

இப்போது வாங்கியவர்களையே வாங்க ஆள் வந்தாயிற்று. 2025 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி, சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், டிரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ் மூவரும் சேர்ந்து இ.ஏ.வை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள். அதில் 2,000 கோடி கடன். வாங்குகிறவர் கடன் வாங்கி, வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில் அந்தக் கடனை ஏற்றும் ஏற்பாடு. தன்னைக் கட்டிப் போடும் கயிற்றுக்கான காசை மாடே உழைத்துக் கட்ட வேண்டும். வட்டிக்கு எங்கே போவார்கள்? பங்கு வைத்திருந்தவர்கள் ஒரு பங்குக்கு 210 டாலர் வாங்கிக்கொண்டு போவார்கள். தலைமை நாற்காலி தலைமை நாற்காலியாகவே இருக்கும். எஞ்சுவது சம்பளப் பட்டியல் ஒன்றுதான்.

பதினேழு வருடம் இப்படித்தான் நடந்தது. குகையை அடைக்கச் சொன்னவர், புரோத்தியனைத் தனியே விற்கச் சொன்னவர், எஞ்சினை மாற்றியவர், லைவ் சர்வீஸ் கேட்டவர், அதை எடுத்தது தப்பு என்றவர் என எல்லோருக்கும் பதவி உயர்வோ வழியனுப்புப் பணமுடிப்போ கிடைத்தது. வேலை போனது வாரிக்கை எழுதியவருக்கு. செய்த முடிவு அடுத்த பாகத்திலும் துரத்தி வரும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஸ்டூடியோவை வாங்கி, ஒரு முடிவின் விளைவும் தங்கள் கணக்கில் சேவ் ஆகாமல் பார்த்துக்கொண்டார்கள். இதற்குத் திறமைக் குறைவு என்று பெயரில்லை. தவறு செய்தால் வலிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வலிக்கிற இடத்தில் இருப்பவனின் உழைப்பைச் சூதாடுவது. அதைச் செய்தவர்களை வெற்றிகரமான நிர்வாகிகள் என்று வணிகப் பத்திரிகைகள் அட்டைப்படம் போடும்வரை அடுத்த ஸ்டூடியோவும் விலைக்கு வரும், அதன் ஆட்களும் தெருவுக்கு வருவார்கள்.